பிரெஞ்சு இலக்கணத்தின் சிக்கலான இடங்கள்: எதை முதலில் பிடிப்பது, எதை அப்புறம் தொடுவது

அடிப்படைப் பாடங்களை முடித்தவர்கள் பலரும் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதைப் பார்க்கிறேன். அட்டவணைகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால் ஒவ்வொரு சொல்லிலும் சந்தேகம் வரும். பெரும்பாலும் காரணம் படித்த வரிசைதான். பிரெஞ்சு இலக்கணத்தின் விதிகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்பவை. "லெ" (அவனை) வருமா "லுயி" (அவனுக்கு) வருமா என்று முடிவுசெய்ய, அந்த வினைக்குப் பின்னால் "ஆ" என்ற முன்னிடைச்சொல் (பெயருக்கு முன் வரும் சிறு சொல்) வருமா வராதா என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் பிரதிப்பெயர் (பெயருக்குப் பதிலாக வரும் சொல்) அட்டவணையை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் பயன் இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டியை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். மூன்றாம் படியில் மட்டும் நிறைய நேரம் செலவழியுங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் தேவையானவை

"ஏத்ர்" (இரு), "அவுவார்" (கொண்டிரு), "அலே" (போ), "ஃபேர்" (செய்) ஆகிய நான்கு வினைகளின் நிகழ்கால வடிவங்கள் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். கூட்டு இறந்தகாலம், அண்மை எதிர்காலம் எல்லாம் இவற்றின்மேல்தான் கட்டப்படுகின்றன. இதில் தடுமாற்றம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, பெயர்ச்சொல்லின் பாலையும், வினை நேர்ச் செயப்படுபொருளை ஏற்குமா முன்னிடைச்சொல் வேண்டுமா என்பதையும் காட்டும் அகராதி ஒன்று வேண்டும். பொருள் மட்டும் தரும் சிறு அகராதி போதாது. அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் தனிச் சொற்களை எழுதப்போவதில்லை, சொற்களைத் துணையோடு சேர்த்துத்தான் எழுதப்போகிறோம்.

பிரெஞ்சுச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ழான், ழாக் என்று பிரெஞ்சுப் பெயர்களை எழுதும் வழக்கப்படியே "ழ" வருகிறது. "துய்", "வுய்" போன்றவற்றில் உதட்டைக் குவித்துக்கொண்டு "இ" சொல்ல வேண்டும். பேச்சில் சொல்லோடு சொல் இணையும்போது தோன்றும் ஒலிகளைக் காட்டவில்லை.

1. பெயர்ச்சொல்லை "அன்" அல்லது "உய்ன்" சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்

தமிழில் பால் பொருளைப் பார்த்து வருவது. மேசைக்கும் ஜன்னலுக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. பிரெஞ்சில் எல்லாப் பெயருக்கும் பால் உண்டு, பொருளை வைத்து அதை ஊகிக்க முடியாது. "பெர்ஸொன்" (நபர்), "விக்திம்" (பாதிக்கப்பட்டவர்) இரண்டும் ஓர் ஆணைக் குறித்தாலும் பெண்பால்தான்.

"லெ", "லா" (அந்த) சேர்த்து எழுதுவதைவிட "அன்" (ஒரு, ஆண்பால்), "உய்ன்" (ஒரு, பெண்பால்) சேர்த்து எழுதுவது நல்லது. உயிரொலியில் தொடங்கும் சொல்லின் முன் "லெ"யும் "லா"வும் சுருங்கி ஒன்றுபோல ஆகிவிடும். "லேகோல்" (பள்ளி) என்று எழுதிவைத்தால் பால் மறைந்துவிடுகிறது. "உய்ன் ஏகோல்" என்றால் பெண்பால் என்று அப்படியே தெரிகிறது.

சொல்லின் முடிவு ஓரளவு உதவும். "ஸியோன்" என்று முடியும் "நாஸியோன்" போன்ற சொற்கள் ஏறக்குறைய எல்லாம் பெண்பால். "மான்" என்று முடியும் "குவெர்ன்மான்" (அரசாங்கம்) வகை, "இஸ்ம்" என்று முடியும் வகை இரண்டும் ஆண்பால். "ஆழ்" என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். ஆனால் "பாழ்" (பக்கம்), "ப்ளாழ்" (கடற்கரை), "இமாழ்" (படம்) பெண்பால். "ப்ரொப்ளெம்", "ஸிஸ்தெம்", "ப்ரொக்ராம்" மூன்றையும் பெண்பால் என்று எழுதாத புதியவரை நான் பார்த்ததில்லை. மூன்றுமே ஆண்பால்.

2. "லெ", "துய்", "தெ": மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்

தமிழில் "காப்பி பிடிக்கும்", "காப்பி குடிக்கிறேன்", "காப்பி குடிப்பதில்லை" மூன்றிலும் காப்பி வெறும் காப்பிதான். பிரெஞ்சில் மூன்று இடத்திலும் அதன் முன்னால் வேறு வேறு சொல் வரும். தமிழில் இதற்கு நேரான ஒன்று இல்லாததால், காதுக்குத் தானாக எட்டும் என்று காத்திருக்க முடியாது. கேள்வி கேட்டே பழக வேண்டும்.

முதல் கேள்வி: எதிர்மறையோ அளவுச் சொல்லோ முன்னால் இருக்கிறதா? இருந்தால் "தெ". "ழெ நெ புவா பா தெ கஃபே" (காப்பி குடிப்பதில்லை), "போகூ தெ கஃபே" (நிறையக் காப்பி).

இல்லையென்றால் இரண்டாவது கேள்வி: அந்தப் பொருளை மொத்தமாக, ஒரு வகையாகச் சொல்கிறோமா? அல்லது எது என்று இருவருக்கும் தெரிந்த ஒன்றையா? அப்படியானால் "லெ", "லா", "லே". பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லும் வினைகளான "எமே", "அதோரே", "தேதெஸ்தே", "ப்ரேஃபேரே" நான்கிற்கும் பின்னால் இதுதான் இயல்பு. "ழெம் லெ கஃபே" (காப்பி பிடிக்கும்).

மூன்றாவது கேள்வி: அளவு குறிப்பிடாமல் கொஞ்சம் என்ற பொருளா? அப்படியானால் "துய்", "தெ லா", பன்மையில் "தே". "ழெ புவா துய் கஃபே" (காப்பி குடிக்கிறேன்).

இப்போது எல்லோரும் விழும் குழிகள். எதிர்மறை வந்தாலே "தெ" என்று எழுதிவிடுவது முதலாவது. எதிர்மறை மாற்றுவது "அன்", "உய்ன்", "துய்", "தெ லா", "தே" ஆகியவற்றை மட்டுமே. "லெ" அசையாது. "காப்பி பிடிக்காது" என்பது "ழெ நேம் பா லெ கஃபே". இங்கே "பா தெ" என்று எழுதினால் தவறு.

இரண்டாவது, "ஏத்ர்" வினை. "இது காப்பி அல்ல" என்பது "ஸெ நே பா துய் கஃபே". "துய்" மாறவில்லை. அளவு இல்லை என்று இங்கே சொல்லவில்லை, பொருளே வேறு என்கிறோம். மாறாததற்கு அதுதான் காரணம். தமிழில் "இல்லை", "அல்ல" என்று பிரித்துச் சொல்கிறோமே, அந்த வேறுபாடு இங்கே கைகொடுக்கும். "அல்ல" என்று சொல்லும் இடத்தில் "துய்" அப்படியே நிற்கும்.

மூன்றாவது, "தெ" கேட்கும் தொடர்கள். "அவுவார் பெஸ்வேன் தெ" (தேவைப்படு) என்பதற்குப் பின்னால் "துய்" வர வேண்டிய இடத்தில் வெறும் "தெ" நிற்கும்: "ழே பெஸ்வேன் தெ கஃபே". குறிப்பிட்ட அந்தக் காப்பி என்றால் மட்டும் "தெ"யும் "லெ"யும் சேர்ந்து "துய்" ஆகும்.

3. வினையை அதன் முன்னிடைச்சொல்லோடு எழுதிவையுங்கள்

ஒவ்வொரு வினையையும் நோட்டில் இப்படி எழுதுங்கள்: "ஏதே கெல்க்கன்" (ஒருவருக்கு உதவு), "தேலேஃபோனே ஆ கெல்க்கன்" (ஒருவருக்குத் தொலைபேசு), "தெமாந்தே கெல்க் ஷோஸ் ஆ கெல்க்கன்" (ஒருவரிடம் ஒன்றைக் கேள்). "கெல்க்கன்" என்றால் யாரோ ஒருவர், "கெல்க் ஷோஸ்" என்றால் ஏதோ ஒன்று. இப்படி எழுதும்போது வினை எதை நேராக ஏற்கிறது, எதற்கு முன்னால் "ஆ" அல்லது "தெ" கேட்கிறது என்பது வினையின் பகுதியாகவே மனதில் பதியும்.

வேற்றுமை உருபு நம் காதில் ஊறியது என்பதால், இரண்டாம் வேற்றுமைக்கு நேர்ச் செயப்படுபொருள், நான்காம் வேற்றுமைக்கு "ஆ" என்று நாமே ஒரு விதி செய்துகொள்கிறோம். பாதி வினைகளில் அது சரியாகவும் வந்துவிடும். "அவருக்குப் பதில் சொல்" என்பது "ரேபோந்த்ர் ஆ", "அவருக்குக் கீழ்ப்படி" என்பது "ஒபேயிர் ஆ", "அவருக்குப் பிடிக்கும்" என்பது "ப்ளேர் ஆ". "ஸா மெ ப்ளே" என்றால் "எனக்கு இது பிடிக்கிறது" என்று அப்படியே தமிழ் அமைப்பில் வந்து நிற்கும். பிடிப்பது எழுவாய், நான் நான்காம் வேற்றுமை.

மீதிப் பாதியில்தான் தவறுகள். தமிழில் "அவருக்கு உதவு", "அவருக்கு நன்றி சொல்", "அவருக்காகக் காத்திரு" என்கிறோம். பிரெஞ்சில் "ஏதே", "ரெமெர்ஸியே", "அத்தாந்த்ர்" மூன்றும் நேர்ச் செயப்படுபொருளை ஏற்பவை, "ஆ" வராது. மறுபக்கம், "அவரை நினை" என்பதற்கு "பான்ஸே ஆ", "அப்பாவைப் போல இரு" என்பதற்கு "ரெஸாம்ப்ளே ஆ". இரண்டாம் வேற்றுமை கேட்ட காதுக்கு "ஆ" தோன்றாது.

"இடம்" என்ற உருபு கொஞ்சம் நம்பகமானது. "அவரிடம் பேசு", "அவரிடம் கேள்", "அவரிடம் கடன் வாங்கு" மூன்றுக்கும் "ஆ"தான்: "பார்லே ஆ", "தெமாந்தே ஆ", "ஆம்ப்ரன்தே ஆ". வாங்குவதற்கும் "ஆ" வருவது ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்களைக் குழப்பும். தமிழிலிருந்து நேராகப் போனால் குழப்பமே இல்லை.

"மான்கே" வினையைத் தனியாகக் கவனியுங்கள். "துய் மெ மான்க்" என்றால் "நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது" (இங்கே "துய்" என்றால் நீ). இல்லாதவர் எழுவாய், ஏங்குபவர் "ஆ". எழுவாயை மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

"தெ" கேட்பவற்றில் முதலில் பிடிக்க வேண்டியவை: "அவுவார் பெஸ்வேன் தெ" (தேவைப்படு), "அவுவார் பெர் தெ" (பயப்படு), "பார்லே தெ" (பற்றிப் பேசு), "ஸெ ஸூவெனிர் தெ" (நினைவில் கொள்), "ஸெ ஸெர்விர் தெ" (பயன்படுத்து). இன்னொரு வினை பின்னால் வரும்போது நடுவில் என்ன வரும் என்பதையும் எழுதிவையுங்கள்: "கொமான்ஸே ஆ" (தொடங்கு), "ஏஸேயே தெ" (முயற்சி செய்), "ஊப்ளியே தெ" (மற), "வூலுவார்" (விரும்பு) பின்னால் ஒன்றும் இல்லை. இதற்குத் தர்க்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி.

4. பிரதிப்பெயர்: அட்டவணையைத் திறக்கும் முன் வினையைப் பாருங்கள்

மூன்றாம் படி கைவந்தால் இது கிட்டத்தட்ட தானாக நடக்கும். முன்னிடைச்சொல் இல்லையா, "லெ", "லா", "லே" (அவனை, அவளை, அவர்களை). "ஆ"வுக்குப் பின் மனிதரா, "லுயி" அல்லது பன்மையில் "லெர்". "ஆ"வுக்குப் பின் பொருளோ இடமோ வந்தால் "இ". "தெ"க்குப் பின் பொருள் வந்தால், அல்லது "துய்", "தே", எண், அளவு எதுவும் முன்னால் இருந்தால் "ஆன்".

"அவருக்கு உதவுகிறேன்" என்றால் "ழெ லேத்". "அவருக்குத் தொலைபேசுகிறேன்" என்றால் "ழெ லுயி தேலேஃபோன்". தமிழில் இரண்டும் "அவருக்கு". பிரெஞ்சில் வேறு வேறு. "எனக்கு அது தேவை" என்பது "ழான் ஏ பெஸ்வேன்". "மூன்று இருக்கிறது என்னிடம்" என்பது "ழான் ஏ த்ருவா". எண்ணைச் சொன்னதும் "ஆன்" தேவையில்லை என்று விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. எண் இருந்தாலும் "ஆன்" வர வேண்டும்.

விதிவிலக்குகளில் முக்கியமானது "பான்ஸே ஆ". மனிதரை நினைப்பதாக இருந்தால் "லுயி" வினைக்கு முன்னால் வராது. "ழெ பான்ஸ் ஆ எல்" (அவளை நினைக்கிறேன்) என்று பின்னால் வரும். பொருளை நினைத்தால் "ழி பான்ஸ்". அதேபோல "தெ"க்குப் பின் மனிதர் வந்தால் "ஆன்" போடாமல் "தெ லுயி", "தெல்" என்று வைப்பது நல்ல எழுத்து வழக்கு.

அடுத்தது இடம். பிரதிப்பெயர் தனக்கு உரிய வினையின் முன்னால் ஒட்டி நிற்கும். "அவனைப் பார்க்கப் போகிறேன்" என்பதில் அவன் பார்ப்பதற்கு உரியவன், போவதற்கு அல்ல. ஆகவே "ழெ வே லெ வுவார்". கூட்டு இறந்தகாலத்தில் துணைவினைக்கு முன்னால்: "ழெ லே வுய்" (அவனைப் பார்த்தேன்).

இரண்டு பிரதிப்பெயர்கள் சேர்ந்து வந்தால் நீண்ட வரிசைப் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "மெ, தெ, நூ, வூ" (எனக்கு, உனக்கு, எங்களுக்கு, உங்களுக்கு) எப்போதும் "லெ"க்கு முன்னால்: "இல் மெ லெ தொன்" (அவன் அதை எனக்குத் தருகிறான்). "லுயி", "லெர்" இரண்டும் "லெ"க்குப் பின்னால்: "ழெ லெ லுயி தொன்" (நான் அதை அவனுக்குத் தருகிறேன்). "இ", "ஆன்" எப்போதும் கடைசியில். இவ்வளவுதான். கட்டளையில் மட்டும் பிரதிப்பெயர் பின்னால் போகும்: "தொன் லெ முவா" (எனக்கு அதைக் கொடு). எதிர்மறைக் கட்டளையில் மறுபடி முன்னால் வந்துவிடும்: "நெ மெ லெ தொன் பா".

5. இறந்தகாலம்: முதலில் துணைவினை, அப்புறம் எந்தக் காலம்

கூட்டு இறந்தகாலத்தில் பெரும்பாலான வினைகளுக்குத் துணை "அவுவார்". போ, வா, வந்துசேர், புறப்படு, பிற, இற, தங்கு, விழு போன்ற சில வினைகளுக்கும், "ஸெ" சேர்ந்து வரும் எல்லா வினைகளுக்கும் "ஏத்ர்".

"அசைவைக் குறித்தால் ஏத்ர்" என்று சுருக்கி வைத்துக்கொள்வது ஆபத்து. "மார்ஷே" (நட), "கூரிர்" (ஓடு) இரண்டும் அசைவுதான், ஆனால் "ழே மார்ஷே", "ழே கூருய்" என்று "அவுவார்"தான் வரும். இடம் மாறியதோ நிலை மாறியதோ முக்கியம் என்று கொண்டால் ஓரளவு சரியாக வரும். இருந்தாலும் பட்டியலைப் படித்துவிடுவதே பாதுகாப்பு.

"ஸொர்த்திர்" (வெளியே போ), "மோந்தே" (ஏறு), "தெஸாந்த்ர்" (இறங்கு), "பாஸே" (கட), "ராந்த்ரே" (வீடு திரும்பு), "ரெதூர்னே" (திரும்பிப் போ) ஆறும் செயப்படுபொருள் ஏற்றால் துணை மாறும். "ழெ ஸுயி ஸொர்த்தி" என்றால் "வெளியே வந்தேன்". "ழே ஸொர்த்தி லா க்ளே" என்றால் "சாவியை வெளியே எடுத்தேன்". தமிழில் தன்வினை பிறவினை என்று "இறங்கினேன்", "இறக்கினேன்" எனச் சொல்லையே மாற்றுகிறோம். பிரெஞ்சில் வினை அப்படியே இருந்து துணைவினை மாறுகிறது.

துணை சரியானதும் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதைச் சிறு காட்சி ஒன்றில் பாருங்கள்.

"இல் ப்ளெவே. ழெ லிஸே. ஓன் ஆ ஃப்ராப்பே ஆ லா பொர்த். ழெ மெ ஸுயி லெவே."

மழை பெய்துகொண்டிருந்தது. நான் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்தேன். முதல் இரண்டும் "ஆம்பர்ஃபே" (தொடர்ந்த நிலையைச் சொல்லும் இறந்தகாலம்). கதை நகரவில்லை, பின்னணி விரிகிறது. அடுத்த இரண்டும் "பஸ்ஸே கொம்போசே", அதாவது கூட்டு இறந்தகாலம்; ஒன்று நடந்தது, அதனால் அடுத்தது நடந்தது. மழையைப் "பஸ்ஸே கொம்போசே"யில் வைத்தால், மழை பெய்து முடிந்தது, பிறகு நான் படித்தேன் என்று வரிசைப்பட்ட நிகழ்ச்சியாகிவிடும். இலக்கணம் தவறாகாது, கதை மாறிவிடும். இந்த இடம் கடினமாக இருப்பதே அதனால்தான்: தவறான தேர்வும் சரியான வாக்கியமாகவே தோன்றும்.

"கொண்டிருந்தேன்" என்று வந்தால் "ஆம்பர்ஃபே". "அப்போதெல்லாம் தினமும் போவேன்" என்று வழக்கத்தைச் சொன்னாலும் "ஆம்பர்ஃபே". "விட்டேன்" என்று முடிக்க முடிந்தால் "பஸ்ஸே கொம்போசே". "தெரிந்திருந்தது" என்பது "ழெ ஸாவே", "தெரியவந்தது" என்பது "ழே ஸுய்". இந்தச் சோதனை பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும்.

அது பொய்க்கும் இடம் கால அளவு. "பத்து வருடம் இங்கே இருந்தேன்" என்பது நீண்டது என்பதால் "ஆம்பர்ஃபே" போடத் தோன்றும். ஆனால் தொடக்கமும் முடிவும் மூடப்பட்ட காலம் எவ்வளவு நீண்டாலும் "பஸ்ஸே கொம்போசே"தான்: "ழே அபித்தே இஸி பாந்தான் தீஸ் ஆன்". நீளம் கணக்கில் இல்லை, மூடியாயிற்றா என்பதுதான் கேள்வி.

இன்னும் முடியாத காலம் என்றால் நிகழ்காலமே போதும். "மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்" என்று தமிழில் சொல்வதுபோலவே "ழாபித் இஸி தெப்புயி த்ருவா ஆன்". ஆங்கிலத்தின் வழியாக யோசித்தால் இங்கே இறந்தகாலம் நுழைந்துவிடும். தமிழிலிருந்து யோசியுங்கள்.

6. வினையெச்சத்தின் பால், எண் பொருத்தம்

பலர் இதை எழுத்துத் தேர்வுக்கான தொல்லையாக நினைக்கிறார்கள். முன் படிகள் தெரிந்தவருக்கு இது சிறு வேலை. "ஏத்ர்" வந்தால் இறந்தகால எச்சம் (துணைவினைக்குப் பின்னால் வரும் வினை வடிவம்) எழுவாயோடு பொருந்தும். "அவுவார்" வந்தால் எழுவாயோடு ஒருபோதும் பொருந்தாது. நேர்ச் செயப்படுபொருள் வினைக்கு முன்னாலேயே வந்துவிட்டால் அதனோடு பொருந்தும்.

முன்னால் வந்தால் மட்டும் ஏன்? எச்சத்தை எழுதும்போது எந்தப் பால், எந்த எண் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அப்படி வைத்துக்கொண்டால் விதி மறக்காது. "லா லெத்ர் கெ ழே ஏக்ரித்" (நான் எழுதிய கடிதம்) என்பதில் கடைசி "த்" காதிலும் கேட்கும். "ழே ஏக்ரி லா லெத்ர்" என்பதில் கேட்காது. பயிற்சிக்கு இப்படிக் காதில் கேட்கும் வினைகளையே முதலில் எடுங்கள்: "மெத்ர்" (வை), "ப்ராந்த்ர்" (எடு), "ஊவ்ரிர்" (திற), "ஃபேர்".

"ஸெ" வினைகளில் மூன்றாம் படி மறுபடி உதவுகிறது. "எல் ஸே லாவே" (அவள் குளித்தாள்) என்பதில் கழுவப்பட்டது அவளே, பொருத்தம் உண்டு. "எல் ஸே லாவே லே மேன்" (அவள் கைகளைக் கழுவினாள்) என்பதில் நேர்ச் செயப்படுபொருள் கைகள், அது பின்னால் வருகிறது, பொருத்தம் இல்லை. "எல் ஸெ ஸோன் பார்லே" (அவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள்) என்பதிலும் இல்லை, ஏனென்றால் "பார்லே ஆ". "ஆன்" முன்னால் வந்தாலும் பொருத்தம் செய்ய வேண்டாம். "ஃபேர்" வினையின் எச்சமான "ஃபே"க்குப் பின்னால் வேறொரு வினை வந்தாலும் அது மாறாது.

7. "கி", "கெ", "தோன்"

பெயரை அதை விளக்கும் தொடரோடு இணைக்கும் சொற்கள் இவை. "கி" மனிதருக்கு, "கெ" பொருளுக்கு என்பது தவறான எண்ணம். "கி" எழுவாய், "கெ" நேர்ச் செயப்படுபொருள். தமிழில் "என்னைப் பார்த்த ஆள்", "நான் பார்த்த ஆள்" என்று இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவது "லொம் கி மா வுய்", இரண்டாவது "லொம் கெ ழே வுய்". எழுத்தில், உயிர் முன்னால் "கெ" சுருங்கும், "கி" சுருங்கவே சுருங்காது.

வினை "தெ" கேட்டால் "தோன்": "லெ லீவ்ர் தோன் ழே பெஸ்வேன்" (எனக்குத் தேவைப்படும் புத்தகம்). தமிழ்ப் பெயரெச்சம் எல்லா உறவையும் ஒரே வடிவில் அடக்கிவிடுவதால், "தோன்" வர வேண்டிய இடம் நமக்குக் கண்ணில் படாது. வினையைப் பார்த்தால்தான் படும்.

8. "ஸே"யா, "இல் ஏ"யா

அவர் அல்லது அது இன்னது என்று சொல்லும் இரண்டு வழிகள் இவை. பின்னால் "அன்", "லெ", "மோன்" (என்) போன்ற சொல்லோடு பெயர் வந்தால் "ஸே": "ஸே அன் மேத்ஸேன்" (அவர் ஒரு மருத்துவர்). தொழில் பெயர் தனியாக வந்தால் "இல் ஏ": "இல் ஏ மேத்ஸேன்". "இல் ஏ அன் மேத்ஸேன்" என்று இரண்டையும் கலப்பதுதான் தவறு. பொதுவான ஒன்றைப் பற்றிய கருத்துக்கு "ஸே" போதும்.

9. "சுய்ப்ழோன்க்திஃப்" கடைசியில்

விருப்பம், கட்டாயம் போன்றவற்றைச் சொல்லும் வினைகளுக்குப் பின்னால் வரும் தனி வினை வடிவம் இது. இதை முதலிலேயே எடுத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். வடிவம் எளிது: நிகழ்காலத்தில் "அவர்கள்" வடிவத்தை எடுத்துப் பன்மை ஈற்றை நீக்கிவிட்டு ஈறுகளைச் சேர்க்க வேண்டும். "நாம்", "நீங்கள்" வடிவங்கள் பெரும்பாலான வினைகளில் "ஆம்பர்ஃபே" போலவே இருக்கும். "ஏத்ர்", "அவுவார்", "அலே", "ஃபேர்", "ஸாவுவார்", "பூவுவார்", "வூலுவார்" போன்ற சில வினைகள் மட்டும் தனியாகப் படிக்க வேண்டியவை.

எங்கே வரும் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு வினைக்கும் எழுவாய் ஒருவரேவா? ஒருவரே என்றால் பெரும்பாலும் இது தேவையில்லை, மூல வடிவம் போதும். "நான் புறப்பட விரும்புகிறேன்" என்பது "ழெ வெ பார்த்திர்". எழுவாய் மாறினால்தான் "ழெ வெ கெ துய் பார்த்" (நீ புறப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்).

விருப்பம், கட்டாயம், பயம், சந்தேகம் சொல்லும் வினைகளுக்குப் பின்னும், "பூர் கெ" (ஆவதற்காக), "அவான் கெ" (முன்பு), "பியேன் கெ" (ஆனாலும்) ஆகியவற்றுக்குப் பின்னும் இது வரும். நம்பிக்கையைச் சொல்லும் "எஸ்பேரே கெ" மட்டும் சாதாரண வடிவத்தையே கேட்கும். விருப்பம் போலத் தோன்றுவதால் எல்லோரும் இங்கே தவறுகிறார்கள். "க்ருவார் கெ" (என்று நினை) நேர்மறையில் சாதாரண வடிவம், எதிர்மறையில் பொதுவாக "சுய்ப்ழோன்க்திஃப்". "அவான் கெ" இதைக் கேட்கும், "அப்ரே கெ" (பின்பு) இலக்கணப்படி கேட்காது. பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே பலர் போட்டுவிடுகிறார்கள்.

"அவான் கெ", "அவுவார் பெர் கெ" பின்னால் சில சமயம் தனியாக ஒரு "நெ" நிற்கும். அது எதிர்மறை அல்ல. "பா" இல்லையென்றால் "இல்லை" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

10. எழுதியதைச் சரிபார்க்கும் வரிசை

வாக்கியத்தை இடமிருந்து வலமாகச் சரிபார்க்க வேண்டாம். வினையிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக, "நான் அவளுக்குக் கொடுத்த பூக்கள்" என்று எழுத வேண்டும். வினை "ஒஃப்ரிர் கெல்க் ஷோஸ் ஆ கெல்க்கன்". அவளுக்கு என்பது "ஆ" மனிதர், ஆகவே "லுயி". பூக்கள் நேர்ச் செயப்படுபொருள், ஆகவே "கெ". துணை "அவுவார்". செயப்படுபொருள் முன்னால் வந்துவிட்டது, "ஃப்ளெர்" பெண்பால் பன்மை, ஆகவே எச்சம் பொருந்த வேண்டும்: "லே ஃப்ளெர் கெ ழெ லுயி ஏ ஒஃபெர்த்".

இப்போது வினையை மட்டும் மாற்றுங்கள். "நான் அவளிடம் சொன்ன பூக்கள்", அதாவது நான் அவளிடம் பேசியது எந்தப் பூக்களைப் பற்றியோ அவை. வினை "பார்லே தெ கெல்க் ஷோஸ் ஆ கெல்க்கன்". "லுயி" அப்படியே இருக்கும். ஆனால் பூக்களுக்கு முன்னால் "தெ", ஆகவே "தோன்". நேர்ச் செயப்படுபொருளே இல்லை, ஆகவே எச்சம் பொருந்தாது: "லே ஃப்ளெர் தோன் ழெ லுயி ஏ பார்லே". உங்கள் நோட்டில் இருக்கும் வினைகளை ஒவ்வொன்றாக இந்த அச்சில் போட்டு எழுதிப் பாருங்கள்.